இருபது விநாடி

பல் மருத்துவர் அருளானந்தத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட டாக்டர் ஜெனிபாவுக்கு முப்பத்தாறு. வயது பார்க்கிற நிலையில் அவர் இல்லை. பஸ் கண்டக்டர் தர்மலிங்கத்தின் உடைந்த முன்பல்லில் அவர் ஒட்டிய துண்டு மூன்று முறை விழுந்துவிட்டது. நாலாவது முறையும் விழுந்தால் தொழிலையே விட்டுவிடுவது என்று முடிவு செய்து, கண்டக்டரையும் அழைத்துக்கொண்டு மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு வந்திருந்தார்.

“மூணு பசை மாத்திப் பாத்துட்டேன் மேடம். எந்தப் பசைதான் நிக்கும்?”

ஜெனிபா அலமாரியைத் திறந்தார். அருளானந்தம் முதலில் போட்ட அதே பசையை எடுத்துக் கொடுத்தார்.

“எப்பவும் போடுற மாதிரி போடுங்க.”

தர்மலிங்கம் நாற்காலியில் சாய்ந்தார். “சீக்கிரம் டாக்டரே, ரெண்டரை வண்டி எடுக்கணும்.”

அருளானந்தம் பசையை ஒரு தடவு தடவினார். உடனே, பசையை இறுக வைக்கும் நீல விளக்கை எடுத்தார்.

“இருபது விநாடி தேய்க்கணும்னு அட்டையில போட்டிருக்கே?”

“தெரியும் மேடம். பாவம், வாயைத் திறந்துக்கிட்டே இருக்காரேன்னுதான்...”

இரக்கம் நல்ல குணம்தான். பல்லுக்கு அது தெரிவதில்லை.

ஜெனிபா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கண்டக்டரிடம் கொடுத்தார். “இருபது ஆனதும் கையைத் தூக்குங்க. அதுவரைக்கும் வண்டி நகரக் கூடாது.”

பல்லைச் சுத்தம் செய்துவிட்டு அருளானந்தம் மறுபடி ஆரம்பித்தார். சின்ன பிரஷ் பல்லில் அழுந்தித் தேய்த்தது. ஐந்தாவது விநாடியில் பழக்க தோஷம், கை தானாக நின்றது. வாயைத் திறந்தபடியே தர்மலிங்கம் அவரை முறைத்தார். கை மறுபடி ஓடியது.

இருபதில் கண்டக்டரின் கை உயர்ந்தது. பசை அசையாமல் அடங்கும்வரை அருளானந்தம் மெல்லக் காற்று விட்டார். அதற்குப் பிறகுதான் விளக்கு.

எட்டு மாதம் கழித்து அருளானந்தம் மட்டும் மறுபடி தஞ்சாவூர் வந்தார். பல் நிற்கிறது. விசிலைக் கடித்தும் நிற்கிறது. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“என் தொழிலையே திருப்பிக் குடுத்துட்டீங்க மேடம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.”

“எனக்கு எதுக்கு?” என்றார் ஜெனிபா. “மூணு தடவை விழுந்தும், நாலாவது தடவை உங்களை நம்பி வாயைத் திறந்தாரே. அவர்கிட்ட சொன்னீங்களா?”

அருளானந்தம் எழுந்தார். மன்னார்குடி பஸ் எத்தனை மணிக்கு என்று வாசலில் போய் விசாரித்தார்.