பாதி வீட்டுக்கு ஓர் அழைப்பு

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு வரும். பேச்சு வந்தால் வம்பும் கூடவே வருமே, அதுவும் வந்தது. யார் வீடு பெரிது, யார் வீட்டில் காற்று நன்றாக வரும் என்று விடிந்ததும் மரத்துக்கு மரம் இதே பேச்சுதான். அதில் கலந்துகொள்ள முடியாமல் ஒதுங்கியே இருந்த கூட்டம் ஒன்று உண்டு. இன்றைக்குத் தூக்கணாங்குருவி என்கிறோமே, அந்தக் கூட்டம். அன்றைக்கு அதற்கு அந்தப் பெயர் கிடையாது. தொங்கவிட ஒரு கூடு இருந்தால்தானே அப்படிப் பெயர் வரும்! வெறும் வயல்குருவி என்பார்கள். பனைமரப் பொந்திலும் மட்டை இடுக்கிலும் ஒண்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்தில் கீற்றன் என்று ஓர் ஆண்குருவி. எந்த இலை அகப்பட்டாலும் கீற்றுக் கீற்றாகக் கிழிப்பான், முடிச்சுப் போடுவான், தலையைச் சாய்த்து அழகு பார்ப்பான், எறிந்துவிடுவான். உருப்படியாக ஒன்றும் செய்ததில்லை. அவன் மனைவி தவிட்டாள். நிறமும் தவிட்டு நிறம். பேச்சு அளந்துதான் வரும்.

போன மழைக்கு அவள் பொந்தில் இட்ட முட்டைகளை ஒரு சாரைப்பாம்பு விழுங்கிவிட்டுப் போனது. தவிட்டாள் ஊரைக் கூட்டி அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தூங்கும்போது ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். அதைப் பார்த்துப் பக்கத்தில் படுத்திருக்கும் கீற்றனுக்கும் தூக்கம் வராது.

அடுத்த மழையும் நெருங்கியது. தவிட்டாள் மறுபடி முட்டையிட வேண்டிய வேளை.

"என்னங்க, இந்தத் தடவை அந்தப் பொந்து வேண்டாங்க. நமக்குன்னு ஒரு வீடு இருந்தா நல்லாருக்கும். சின்னதா இருந்தாப் போதும்" என்றாள்.

"எதுக்குச் சின்னதா? இந்தக் கம்மாக்கரையில எவனும் பார்த்திருக்க மாட்டான், அப்படி ஒரு வீடு கட்டுறேன் பாரு! நீ அக்கரையில உங்கம்மா வீட்டுல போய் இரு. முடிஞ்சதும் கூப்பிடுறேன்."

"கட்டும்போது நானும் பக்கத்துல இருக்கேனே?"

"இருந்தா அது நொட்டை இது நொள்ளைம்ப. முழுசா முடிச்சுக் காட்டுனாத்தான் எனக்குப் பெருமை. போ புள்ள."

அவளும் போனாள்.

கீற்றனுக்கு ஆசை மலையளவு இருந்தது. யோசனை கடுகளவும் வரவில்லை. கிணற்றோரப் பனையில் ஏறி உட்கார்ந்து வானத்தைப் பார்த்தான், கண்மாயைப் பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை. நாலு வீட்டைப் போய்ப் பார்த்தால் தானாகத் தோன்றும் என்று கிளம்பினான்.

முதலில் காக்காவிடம் போனான்.

"அண்ணே, உங்க வீட்டை ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?"

"தாராளமாப் பாரு தம்பி. சுள்ளிதான் வீட்டுக்கு எலும்பு. எவ்வளவு பெரிய வீடு பார்த்தியா? உள்ள கிடக்குறது எம்முட்டையா, அடுத்தவ முட்டையான்னு எனக்கே தெரியாது!" என்று காக்கா பெருமையடித்துக்கொண்டது.

கீற்றன் சுள்ளியை மனசில் குறித்துக்கொண்டான். தையல்சிட்டுக்குப் பேச நேரமில்லை, இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் வாய்பிளந்து உட்கார்ந்துவிட்டு வந்தான். குளவி மண் குழைத்துக் குட்டிப் பானைபோல் வீடு கட்டியிருந்தது. "கிட்ட வந்தாக் கொட்டிப்புடுவேன், தூர நின்னு பாரு" என்றது. தூர நின்றே பார்த்தான். கடைசியாக மைனாவின் வீடு.

"வாங்க கொழுந்தனாரே," என்றது மைனா. "சுள்ளியும் மண்ணும் எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு. இங்க பாருங்க, என்ன பளபளப்பு! வேலியோரத்துல எடுத்தேன். இன்னொண்ணு இருக்கு, வேணும்னா எடுத்துக்கோங்க. வாசல்ல தொங்கவிட்டா வர்றவங்க கண்ணு அங்கயே நின்னுடும்."

கீற்றனின் கண்ணும் அங்கேயே நின்றுவிட்டது. மெல்லிசாக, வெயில் பட்டால் நிறம் மாறுகிற பட்டுத்துணி மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டு பறந்தான்.

அதன் பிறகு அவன் வேலை செய்த வேகத்தைச் சொல்லி மாளாது. கிணற்றுக்கு மேலே நீண்டிருந்த பனையோலையில் சுள்ளியை அடுக்கினான். நடுவில் மண்ணால் பானை செய்து வைத்தான். சுற்றிலும் இலைகளைத் தைத்தான், வேலி ஓரத்துப் பூவையெல்லாம் பறித்துச் செருகினான். வாசலில் மைனா கொடுத்த பளபளப்பு. கண்மாய்க்கரையே திரண்டு வந்து பார்த்தது. "வயல்குருவிப் பயலுக்கு வந்த வாழ்வைப் பாரேன்" என்று காக்காவே வயிறெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தவிட்டாளைக் கூட்டிவந்தான். அவள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாருக்குங்க. எவ்வளவு பாடுபட்டிருக்கீங்க!"

அவள் மனதாரத்தான் சொன்னாள். உள்ளே போகலாம் என்று வாசலுக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து மேல்காற்று அடித்தது. வாசலில் தொங்கியது நெளிந்து அவள் கழுத்தில் உரசியது. வீறிட்டுப் பின்னால் பாய்ந்தாள்.

"பாம்புச் சட்டை! சாரைச் சட்டைங்க இது! நம்ம வாசல்லயா?"

கீற்றனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரார் வீட்டையெல்லாம் உற்றுப் பார்த்தவன், யாருக்காகக் கட்டினோம் என்பதை ஒரு நொடி நினைத்துப் பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வீம்பு விடுமா?

"அது வெறுந்தோலு. அழகுக்குத்தான் வச்சேன்."

"அழகாத்தான் இருக்கு. ஆனா காக்கா வீட்டுச் சுள்ளி, சிட்டு வீட்டு இலை, குளவி வீட்டுப் பானை. அந்தப் பானைக்குள்ள என்னால திரும்பக்கூட முடியாதே. நான் எங்கங்க உட்காருவேன்? இன்னும் ரெண்டொரு நாள்ல முட்டையிடணும். மேற்கே பாருங்க, எப்படிக் கறுத்துக்கிட்டு வருதுன்னு. மறுபடியும் அந்தப் பொந்துதானா?"

கிணற்றுச் சுவரில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவள் தோள் குலுங்குவது பனையிலிருந்தே தெரிந்தது.

கீற்றன் தன் வீட்டைப் பார்த்தான். மேகத்தைப் பார்த்தான். பிறகு வீட்டை ஓலையோடு பிணைத்திருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கடித்து அறுத்தான். கடைசி முடிச்சும் அறுந்தது. சுள்ளி, பானை, பூ, பாம்புச் சட்டை எல்லாம் மொத்தமாகக் கிணற்றுக்குள் விழுந்தன.

"பைத்தியக்காரா!" என்று காக்கா கத்தியது.

தவிட்டாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். வெறும் ஓலையில் கீற்றன் தனியாக உட்கார்ந்திருந்தான். கோபம் போன இடம் தெரியவில்லை அவளுக்கு. பறந்துபோய் அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தோணலை தவிட்டாளு," என்றான் கீற்றன். "சொந்தமா ஒண்ணுமே தோணலை. அதான் ஊரான் வீட்டைப் பார்த்துக் கட்டுனேன்."

காற்றில் ஓலை நுனி மேலும் கீழும் ஆடியது. பதில் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தவன் அசந்துபோனான். தவிட்டாள் தூங்கிவிட்டிருந்தாள். அந்த ஆடுகிற நுனியில், இரண்டு கண்ணையும் மூடி! கீழே எட்டிப் பார்த்தான். தண்ணீர். எந்தப் பாம்பும் ஊர்ந்துவர முடியாத இடம். அவளுக்கு அது தூக்கத்திலேயே தெரிந்திருக்கிறது.

முதல்தடவையாக அவனுக்குச் சொந்தமாக ஒன்று தோன்றியது. வயலுக்கு ஓடி நெல்தாளை நீளமாகக் கிழித்துவந்தான். ஓலை நுனியில் சுற்றி, ஒரு வளையம் பின்னித் தொங்கவிட்டான். தவிட்டாள் விழித்தாள்.

"இதுல கொஞ்சம் உட்கார்ந்து பாரேன்."

உட்கார்ந்தாள். "இன்னும் அகலம் வேணும். காத்து முதுகுல அடிக்குதுங்க."

முதுகுக்குப் பின்னால் சுவர் பின்னினான். "இப்ப?"

"இப்பச் சரி. வாசலைக் கீழ்ப்பக்கம் வைங்க. மேலே இருந்தா அந்தச் சாரைப்பய எட்டிப் பார்ப்பான்."

"கீழே வச்சா முட்டை உருண்டுடாதா?"

"இந்தப் பக்கம் குழிவா ஒரு அறை போடுங்களேன். நான் அதுல இருந்துக்கிறேன்."

போட்டான். வாசலை ஒரு குழாயாக நீட்டியும் விட்டான். இதுவரை கிழித்தெறிந்த இலைக்கெல்லாம் சேர்த்து அன்றைக்குப் பின்னினான் என்றே சொல்லலாம். கூடு எடையில்லாமல் காற்றில் சுழன்றது. தவிட்டாள் ஈர மண் கொண்டுவந்து உட்சுவரில் அப்பினாள். ஆட்டம் அடங்கியது. அந்த ஈர மண்ணைக் கண்டதும் கீற்றனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பறந்துபோய் ஓர் ஆவாரம்பூ இதழைக் கொண்டுவந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இது மட்டும் வைக்கட்டுமா?"

தவிட்டாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வைங்க, வைங்க. இன்னும் நாலு வேணும்னாலும் வைங்க."

மழை கொட்டியது. கூட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. முட்டைகள் வந்தன. ஒருநாள் சாரையும் பனையேறி வந்தது. ஓலை வளைந்து கொடுத்தது. வாசல் எங்கோ கீழே, அதற்கும் கீழே தண்ணீர். நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே இறங்கிப் போனது. தவிட்டாளுக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நல்ல தூக்கம்.

அன்று முதல்தான் ஆண் தூக்கணாங்குருவி கூட்டை முழுசாகக் கட்டிவிட்டுத் துணையைக் கூப்பிடுவதில்லை. பாதியில் நிறுத்தி, அதில் தொங்கிச் சிறகடித்து அவளை அழைக்கும். அவள் வந்து உட்கார்ந்து, கொத்தி இழுத்துப் பார்த்து, சரி என்றால்தான் மீதி வேலை. கிணற்றோரப் பனையில் பாதிக் கூடு தொங்கினால் சோம்பேறிக் குருவி என்று சொல்லிவிடாதீர்கள். உள்ளே வந்து உட்கார்ந்து பார் என்று அது யாரையோ இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.