வாய் திறக்காத கெளுத்தி

அந்தக் காலத்தில் மீன்களுக்கும் பேச்சு இருந்தது. கெளுத்திக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. கடலடியில் எந்தச் சண்டை என்றாலும் நடுவில் போய் நின்று, மீசையை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு பக்கத்துக்கும் நியாயம் சொல்வான். கரைக்காரர்களோடு பேசிப் பழகியதும் அவன் ஒருவன்தான். அதில் அவனுக்குப் பெருமை உண்டு.

கரையில் அப்போது காரை வீடுகள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். சுண்ணாம்பு வேண்டியிருந்தது. கடலுக்குள் பவளம் வளர்ந்து மேடாகக் கிடந்த பாரைக் கடப்பாரையால் உடைத்து, வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய்ச் சூளையில் சுட்டார்கள். பார் இருந்த இடம் வெறும் மணலானது. மீன்கள் சிதறிப் போயின. போகாதவை மணலில் முட்டையிட்டன. நீரோட்டம் அள்ளிக்கொண்டு போனது.

மற்ற மீன்கள் முட்டைகளை எண்ண முடியாமல் இடும். கெளுத்தியின் மனைவி கோலிக்குண்டு பருமனில் கொஞ்சமே இடுவாள். இரண்டு பருவமாக அதுவும் நிலைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் சேற்றைக் கிளறி இரை தேடும்போது அவனைவிட்டுச் சற்றுத் தள்ளியே கிளறினாள்.

காத்தமுத்து என்ற வலைக்காரன் வெறும் வலையை இழுத்து இழுத்துச் சலித்துப்போய், ஒரு நாள் வள்ளத்திலிருந்து குனிந்து கெளுத்தியைக் கூப்பிட்டான். எல்லாரும் எங்கே போய்விட்டீர்கள் என்று கேட்டான்.

"எங்க வீட்டைச் சுட்டு உங்க வீட்டுக்குப் பூசிட்டீங்க. அப்புறம் எங்க இருக்கச் சொல்றீங்க?" என்றான் கெளுத்தி.

காத்தமுத்துவின் வீட்டுச் சுவரும் புதிதாக வெள்ளையடித்ததுதான். கொஞ்ச நேரம் துடுப்பைத் தண்ணீரில் அளைந்துகொண்டிருந்தான்.

"கல்லு நான் போடுறேன், மீசைக்காரரே. நீங்க வந்து குடியிருங்க. குஞ்சு பெருத்து வெளிய மேயப் போறதை மட்டும் பிடிச்சுக்கிறேன். பார் மேல வலை விழாது." ஒரு கை கடல்நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டான். அந்தக் கரையில் அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

சொன்னபடியே செய்தான். உடைந்த ஆட்டுக்கல், இடிந்த சுவரின் துண்டு, தேய்ந்த அம்மி, பாறைச் சில்லு என்று வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்து இறக்கினான். எந்தக் கல் எந்தக் கல்லின்மேல் சாய்ந்தால் அடியில் பொந்து விழும் என்று கெளுத்தி மேலே வந்து சொல்ல, அவன் அதற்கேற்பக் கயிற்றைத் தளர்த்தினான். கல்லில் பாசி படர்ந்தது. பிறகு சிப்பி ஒட்டியது. பவளமும் அங்கங்கே விரல்நுனி அளவுக்கு முளைத்தது.

மீன்கள் தூரத்தில் நின்று பார்த்தன. அவற்றில் களவாய், பெரிய வாயும் பெரிய வயிறுமாக, எதையும் லேசில் நம்பாதவன். அவன்தான் கெளுத்தியிடம் கேட்டான்.

"தான் குடியிருக்காத வீட்டுக்கு எவன் கல்லு தூக்குவான், மச்சான்?"

"அவன் நல்லவன்."

"உங்களுக்கு நல்லவன். கூப்பிட்டுப் பேசுறான்ல."

கெளுத்தி தன் மீசைமேல் ஆணையிட்டான். பார்மேல் வலை விழுந்தால் தன்னை வந்து கேட்கச் சொன்னான். ஒவ்வொரு கூட்டமாகப் போய் இதையே சொன்னான். முதலில் ஓரா மீன்கள் வந்தன. பிறகு சிங்கி இறால்கள். கடைசியில் களவாயும் வந்து, இருப்பதிலேயே பெரிய பொந்தில் படுத்துக்கொண்டு, வீடு பரவாயில்லை என்றான். கெளுத்தியின் மனைவி ஆட்டுக்கல்லின் குழியில் முட்டையிட்டாள். அன்று அவள் அவன் பக்கத்திலேயே இரை மேய்ந்தாள்.

சில நாள் காத்தமுத்து வந்து வெறுமனே பார்த்துவிட்டுப் போனான். அப்புறம் ஒரு தூண்டிலோடு வந்தான். வலைதானே போடமாட்டேன் என்றேன் என்று சிரித்தான். களவாய் அதில் மாட்டிப் போய்விட்டான். மற்றவர்கள் வந்து கேட்டபோது, களவாய்க்கு வயதாகிவிட்டது, எப்படியும் போகிற உயிர்தான் என்றான் கெளுத்தி. அடுத்து ஓராக்கள் சில போயின. அவை பாரை விட்டுக் கொஞ்சம் வெளியே போயிருந்தன என்றான். அவை போகவில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆட்டுக்கல்லின் குழியில் முட்டைகள் இருந்தன. குஞ்சு வெளிவரும்வரை யாரும் எதுவும் பேசாமல் இருந்தால் போதும் என்று அவனுக்கு இருந்தது.

இடையில் சில நாள் வீசிய வாடைக்காற்று அடங்கி, கரையில் கிடந்த வள்ளங்கள் மறுபடி கடலில் இறங்கிய அன்று, காத்தமுத்து மைத்துனன்மாரைக் கூட்டிக்கொண்டு வலையோடு வந்தான். மற்ற மீனவர்கள் கடலெல்லாம் மீனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் தேடவில்லை. கல்லைப் போட்டவனுக்கு இடம் தெரியாதா? எந்தப் பொந்து எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்றுகூடத் தெரியும். கெளுத்திதான் சொல்லிக்கொடுத்திருந்தான்.

வலை பாரின்மேல் விழுந்தது. கீழ்க்கயிற்றின் ஈயக்குண்டுகள் கற்களை உருட்டின. ஆட்டுக்கல் ஒரு பக்கம் சாயத் தொடங்கியதும் கெளுத்தி குழிக்குள் தலையை விட்டு, முட்டைகளை ஒன்றுவிடாமல் வாயில் அள்ளிக்கொண்டான். திரும்பியபோது ஓராப் பெண் ஒருத்தி எதிரே நின்றாள். அவள் பிள்ளைகள் வலையில் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, வந்து கேக்கச் சொன்னீங்களே. கேக்கிறேன். சொல்லுங்க."

அவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தால் முட்டைகள் போய்விடும். அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவன் உப்பிய கன்னங்களைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"உங்களுது மட்டும் பத்திரமா இருக்கு" என்றாள்.

வலை இறுகியது. எல்லாரும் சேர்ந்தே மேலே போனார்கள்.

வள்ளத்தில் கெளுத்தியின் மனைவி ஏற்கெனவே கூடைக்குள் கிடந்தாள். காத்தமுத்து வலையை உதறும்போது இவனைக் கண்டுகொண்டான். கையில் எடுத்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கூட வந்தவங்க கேக்கலை, மீசைக்காரரே. வீட்டுல அடுப்பு எரியலை. திட்டிட்டுப் போங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுடறேன்."

கெளுத்தியின் தொண்டைக்குள் ஏதோ கரகரத்தது. வாய் திறக்கவில்லை.

"பெரிய மனுசன் பேசமாட்டேங்கிறார்" என்று மைத்துனன் ஒருவன் சிரித்தான். காத்தமுத்து இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். பிறகு முகம் கறுத்து, கூடைப் பக்கம் கையைத் திருப்பினான். கெளுத்தியின் முதுகு முள் அவன் உள்ளங்கையில் ஏறியது. கத்திக்கொண்டு கையை உதறினான். கெளுத்தி கடலில் விழுந்தான்.

முட்டை பொரிந்து, குஞ்சுகள் நீந்தப் பழகும்வரை அவன் ஒன்றும் தின்னவில்லை, ஒன்றும் பேசவில்லை. உடல் ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கடைசிக் குஞ்சு வாயைவிட்டு வெளியேறிய அன்று, சொல்ல வேண்டியதைச் சொல்லலாம் என்று அந்தக் கற்களுக்குத் திரும்பி வந்தான். கேட்டவள் அங்கே இல்லை. வேறு மீன்கள் குடிவந்திருந்தன. மணலில் இருக்க முடியாதவை. மேலே ஒரு வள்ளம் இன்னும் சில கற்களை இறக்கிக்கொண்டிருந்தது. அவன் வாயைத் திறந்தான். வாய்க்குள் பேச்சு இல்லை.

அன்று முதல்தான் ஆண் கெளுத்தி எந்தக் கல்லையும் நம்பாமல் முட்டைகளை வாயிலேயே சுமந்து பட்டினி கிடக்கிறது. வள்ளத்தில் தூக்கிப் போட்டால் தொண்டைக்குள் கரகரக்கிறது, நாமும் அது ஏதோ சொல்ல வருகிறது என்று தெரிந்தே கூடையை மூடுகிறோம்.