தொண்ணூறு மடங்கு ஏழரை

“நீங்க பார்க்கிறது பிரச்சினை இல்ல மதினி. நீங்க பார்க்கும்போது அது திரும்பிப் பார்த்துச்சுன்னா? இருபத்திநாலு வீடு இருக்கு இந்தக் கட்டடத்துல. அதுக்கு யார் பதில் சொல்லுதது?”

குற்றாலிங்கம் அண்ணாச்சி சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். ‘அது’ என்றால் சனி. நூறு கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும் கிரகம். அதற்கு வேறு வேலை இல்லாமல், பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டை மாடியைத் திரும்பிப் பார்க்கும் என்று அண்ணாச்சி உறுதியாக நம்பினார். அவர் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர். நம்பியதை உடனே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்.

கையெழுத்துப் போட இரண்டு பேர் எப்போதும் தயார். ஒருவர் ஜெபமணி சார், ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். எது சொன்னாலும் சொன்னபடி செய்வார், அதையும் விறைப்பாகச் செய்வார். இன்னொருவர் செண்பகராமன். இவரை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு ஜோசியர். பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார். மீதி இரண்டும் என்ன என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர்.

சங்கத்துக்கு ஒரு டெலஸ்கோப் வாங்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியவள் நான். காரணம் உண்டு. ஒன்பதாம் வகுப்பில், கான்வென்ட் மைதானத்தில், சிஸ்டர் பெர்னடெட் ஒரு சாயங்காலம் டெலஸ்கோப் வைத்துச் சனியின் வளையத்தைக் காட்டினார். வரிசையில் எனக்கு முன்னால் நான்கே பேர். நான் பேசினேன் என்று சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிட்டார். பேசியது உண்மைதான். பின்னாலிருந்து ஒவ்வொருத்தியாக “ஏ யம்மா” என்று சொன்னது மட்டும் கேட்டது. நாற்பத்தியிரண்டு “ஏ யம்மா”. நான் பார்த்தது சுண்ணாம்பு. அதற்கப்புறம் முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனையோ பார்த்தாயிற்று, வளையத்தைத் தவிர.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன்.

சென்னையில் ஒரு கடைக்காரரிடம் போனில் பேசினார்கள். பொறுமையான மனிதர். அவர் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கேட்காதீர்கள், வாய் எவ்வளவு அகலம் என்று கேளுங்கள் என்றார் கடைக்காரர். உடனே இவர், “வாய் எவ்வளவு அகலம்?” என்று கேட்டார். எண்பது மில்லிமீட்டர் என்று பதில் வந்தது. மூன்று பேரும் ஸ்கேலோடு என் சமையலறைக்குள் வந்து, டவராவிலிருந்து இட்லிப் பானை வரைக்கும் எல்லாவற்றின் வாயையும் அளந்தார்கள். கடைசியில் என் பித்தளைச் சொம்பு சரியாக எண்பது இருந்தது. நல்ல சொம்புதான், நம்பி வாங்கலாம் என்று தீர்மானம் ஆயிற்று.

அடுத்தது கண் வைக்கிற லென்ஸ். ஐபீஸ் என்பார்கள். இரண்டு தருவார்களாம், ஒன்றில் பத்து என்று போட்டிருக்கும், மற்றதில் இருபத்தைந்து. முதலில் இருபத்தைந்தைப் போட்டுத் தேடுங்கள், கிடைத்தபின் பத்தைப் போட்டுப் பெரிதாகப் பாருங்கள் என்றார் கடைக்காரர். இங்கே கூட்டம் நின்றுவிட்டது.

“பத்து பெரிசாக் காட்டும், இருபத்தஞ்சு சின்னதாக் காட்டுமா? எந்த ஊர்க் கணக்கு வே இது?” என்றார் அண்ணாச்சி.

“செருப்புலகூட நம்பர் கூடினா பெரிசுதான்,” என்றார் ஜெபமணி சார்.

“கடைக்காரர் நல்ல மனுஷன். பாவம், நம்பர் மாத்தி ஒட்டிட்டாங்கபோல,” என்றார் என்னுடையவர்.

பெட்டி வந்ததும் அந்தத் தவறைத் திருத்தினார்கள். பத்தின் மேல் இருபத்தைந்து என்றும், இருபத்தைந்தின் மேல் பத்து என்றும் சீட்டு ஒட்டினார்கள். அடியில் செயலாளர் கையெழுத்து, தேதி.

அன்றைக்கு நான் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். இல்லாவிட்டால் அடுத்ததையாவது தடுத்திருப்பேன். புதிதாக வந்தது எதுவாக இருந்தாலும் பூஜை போடாமல் எங்கள் கட்டடத்தில் தொடமாட்டார்கள். தண்ணீர் மோட்டாருக்குப் போட்டார்கள், லிப்டுக்குப் போட்டார்கள். டெலஸ்கோப்புக்கும் போட்டார்கள். குழாய் முழுக்கச் சந்தனம். ஒவ்வொரு பாகத்திலும் பொட்டு. கண்ணாடியும் ஒரு பாகம்தானே? ஐபீஸ் இரண்டின் கண்ணாடியிலும் நடுவாகப் பார்த்து, அழகாக, ஆளுக்கொரு குங்குமப் பொட்டு. ஸ்டாண்டுக்கு மூன்று கால். மூன்று காலுக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். வண்டி என்றால் ஓட்டி நசுக்கலாம். இதை எப்படி ஓட்டுவது? ஜெபமணி சார் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு லெப்ட் ரைட் போட்டு நசுக்கினாராம்.

ஊரிலிருந்து திரும்பி மாடிக்குப் போனேன். டெலஸ்கோப் கிழக்கே தூரத்தில் தெரியும் ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. எதிரே மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. மூன்றிலும் ஆள்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் நோட்டைக் காட்டினார். கடைக்காரர் சொன்னது: மேலே ஒட்டியிருக்கும் சின்னக் குழாயைப் பகலிலேயே, தூரத்தில் அசையாமல் இருக்கும் ஒரு பொருளைப் பார்த்துப் பெரிய குழாயோடு சரிசெய்து கொள்ளுங்கள், திருகை இறுக்குங்கள், அப்புறம் கை வைக்காதீர்கள். இவர்கள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துச் சரிசெய்தார்கள். கண்ணில் பட்ட திருகை எல்லாம் இறுக்கினார்கள். கை வைக்கவில்லை.

“அப்போ சனியை எப்படிப் பார்க்கிறது?”

“அது சுத்துதுல்லா?” என்றார் அண்ணாச்சி. “இந்தப் பக்கம் வரும்.”

“எப்போ?”

“ராசிக்கு ரெண்டரை வருஷம். அவசரப்பட்டா நடக்குமா மதினி?”

அன்று இரவு மூன்று பேரும் முறை வைத்து ஐபீஸில் கண்ணைப் பதித்துத் தொட்டியைப் பார்த்தார்கள். செக்கச்செவேல் என்று ஏதோ தெரிந்ததாம். காலையில் மூன்று பேருக்கும் வலது கண் சிவப்பு. டாக்டர் கழுவிவிட்டு, இது குங்குமம் என்றார். குங்குமம் மங்களப் பொருள், அதனால் கண் சிவக்காது, இது சனியின் பார்வை என்றார் அண்ணாச்சி. நாம் பார்க்க வருவதற்கு முன்னால் அது நம்மைப் பார்த்துவிட்டது. கோயிலிலேயே சனீஸ்வரன் சந்நிதியில் நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில்தானே நிற்கிறோம்? இங்கே குழாய் வைத்து நேருக்கு நேர் நின்றால்?

பகல் பதினொரு மணிக்கு அவசரக் கூட்டம். டெலஸ்கோப் எத்தனை மடங்கு என்று கேட்கக் கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால் யாரும் கேட்கவில்லை. பெட்டியில் போட்டிருந்தது. தொண்ணூறு.

“சனி சாதாரணமாப் பார்த்தா ஏழரை வருஷம்,” என்றார் அண்ணாச்சி. “இதுல தொண்ணூறு மடங்கு பெரிசாப் பார்க்கும். கணக்குப் போடும் வே.”

ஜெபமணி சார் எழுந்து நின்று போட்டார். “அறுநூத்தி எழுபத்தஞ்சு வருஷம்.”

என் வீட்டுக்காரர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். லிப்டே இன்னும் பத்து வருஷம்தான் தாங்கும்.

உங்கள் வேதத்தில் சனியே கிடையாதே என்று ஜெபமணி சாரைக் கேட்டேன். கிடையாதுதான், ஆனால் அது அவருக்குத் தெரியும், சனிக்குத் தெரியுமா என்றார்.

அந்த அறுநூற்று எழுபத்தைந்துக்குப் பரிகாரம் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர். டெலஸ்கோப்பை மாற்றிப் பிடித்துப் பார்த்தால் எல்லாம் சின்னதாகத் தெரியும், அப்போது பார்வையும் தொண்ணூறில் ஒரு பங்குதானே என்றார். ஜெபமணி சார் மறுபடி எழுந்தார். ஏழரை வருஷம் என்பது தொண்ணூறு மாதம். அதைத் தொண்ணூறால் வகுத்தால் ஒரு மாதம். ஒரு மாதச் சனியைத் தாங்கிக்கொள்ளலாம், ஆடி மாதத்தைத் தாங்கவில்லையா என்று ஏகமனதாக ஒப்புக்கொண்டார்கள். குழாயைக் கழற்றிப் பின்புறம் முன்னாக மாட்டினார்கள். அண்ணாச்சி பெரிய கண்ணாடியில் முகத்தையே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லாச் சின்னதாத் தெரியுது,” என்றார்.

“எது?” என்றேன்.

“எல்லாமே.”

இப்படியே எட்டு நாள் போய்விட்டது. பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். பிடிக்காமல் இல்லை, பயமாக இருக்கிறது என்று எழுதித் திருப்பி அனுப்புவது என முடிவாயிற்று. பத்தாம் நாள் காலையில் கூரியர்காரர் வருவார். எனக்கு மிச்சம் இருந்தது ஒன்பதாம் நாள் சாயங்காலம். அதுவும் ஐப்பசி, எந்த நிமிஷமும் மேகம் மூடும். அன்றைக்குத்தான் அண்ணாச்சி மொட்டை மாடிக் கதவில் கையை விரித்து நின்று, முதலில் எழுதினேனே, அந்த வசனத்தைச் சொன்னார்.

நான் கத்தவில்லை. கான்வென்டில் அதற்கு ஒரு குரல் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மெதுவாகப் பேச வேண்டும், ஒவ்வொரு சொல்லாக. இன்றைக்கு நான் பார்க்காவிட்டால் நாளை முதல் சங்கக் கூட்டத்துக்கு என் வீட்டிலிருந்து சுக்குக் காபி வராது, சுண்டல் வராது, செண்பகராமனும் வரமாட்டார் என்றேன்.

சுண்டல் என்றதும் ஜெபமணி சார் அண்ணாச்சியைப் பார்த்தார். மூன்று பேரும் எங்கள் மாடித் தண்ணீர் டாங்க் பக்கம் ஒதுங்கிக் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வந்து அண்ணாச்சி சொன்னார்:

“நீங்க பாருங்க மதினி. அது உங்களைப் பார்க்காம நாங்க பார்த்துக்கிடுதோம்.”

எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் கேட்கவில்லை.

ஐபீஸ் இரண்டையும் என் முந்தானையால் துடைக்காமல், முறைப்படி மெல்லிய துணியால் துடைத்தேன். சீட்டுகளைக் கிழித்தேன். எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். குழாயை நேராக்கினேன். அரை மணி நேரம் வெளியே வைத்து ஆறவிட வேண்டும் என்று நோட்டில் இருந்ததால் ஜெபமணி சார் காபியை ஊதுவதுபோல் குழாயை ஊதிக்கொண்டிருந்தார், அவரைத் தள்ளி உட்கார வைத்தேன். பக்கத்தில் விளக்கு எரியக் கூடாது என்றும் இருந்தது. என் வீட்டுக்காரர் கீழே போய்க் கட்டடத்துக்கே மெயினை அணைத்துவிட்டு வந்தார். இருபத்திநாலு வீட்டிலிருந்தும் சீரியல் பார்க்கிறவர்கள் அவர் பரம்பரையை விசாரித்தார்கள். எனக்கென்ன, நல்ல இருட்டு.

நோட்டில் கடைசியாக ஒன்று இருந்தது. அதை நானே வாசித்துக் காட்டினேன், அதுதான் நான் செய்த தப்பு. ஒருவர் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் அசையக் கூடாது, பேசக் கூடாது. சின்ன அதிர்வுக்கே காட்சி கலைந்துவிடும்.

ஏழரை மணி. ஆமாம், அதுவும் ஏழரை. தெற்கே, மின்னாத மஞ்சள் புள்ளி. இருபத்தைந்தைப் போட்டுப் பிடித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்தை மாற்றினேன். வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, கைப்பிடியை ஒரு நூல் ஒரு நூலாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணை எடுத்தால் போயிற்று. முதலில் கலங்கிய முட்டைபோல் இருந்தது. போகஸைத் திருகினேன். சுருங்கியது. உருண்டது. இரண்டு பக்கமும் ஏதோ துருத்திக்கொண்டு வந்தது. அந்த உருண்டைக்கும் அதற்கும் நடுவில் கறுப்பாக ஒரு இடைவெளி திறக்கப் போகிற மாதிரி இருந்தது. முப்பத்தைந்து வருஷம். “ஏ ய” வரைக்கும் வந்துவிட்டேன்.

இருட்டிவிட்டது.

மேகம் என்று நினைத்தேன். இல்லை. இடது கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். டெலஸ்கோப்பின் வாய்க்கு முன்னால், ஒரு சாண் தள்ளி, அண்ணாச்சியின் பெரிய கறுப்புக் குடை விரிந்திருந்தது. கறுப்பு சனிக்கு உகந்த நிறமாம். கம்பை அண்ணாச்சி பிடித்திருந்தார். குடையின் ஒரு ஓரத்தை என் வீட்டுக்காரரும் இன்னொரு ஓரத்தை ஜெபமணி சாரும், காற்றுக்கு ஆடாமல் இழுத்துப் பிடித்திருந்தார்கள். மூன்று பேர் முகமும் சனிக்குப் பக்கவாட்டில், கோயிலில் நிற்கிற மாதிரி. மூன்று பேரும் கண்ணை மூடி, மூச்சை அடக்கி, சிலைபோல் நின்றார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் அல்லவா, அசையக் கூடாது, பேசக் கூடாது.

நான் கையை எடுக்க முடியாது. எடுத்தால் சனி நழுவிவிடும். குருட்டாம்போக்கில் கைப்பிடியை ஒரு நூல், ஒரு நூல் என்று திருப்பிக்கொண்டே, கான்வென்டில் சொல்லிக் கொடுத்த அதே குரலில் சொன்னேன்:

“ஏங்க, அந்தக் குடையைக் கொஞ்சம் நகர்த்துங்களேன்.”