ஐந்தாம் ஜாடி

முன்பு ஒரு காலத்தில், கடலோர நாடு ஒன்றில், ஓர் அரசரும் அவருடைய ராணியும் மாலை வெயிலில் மேல்மாடத்தில் உட்கார்ந்து திராட்சை மது ருசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்குத் தேசத்துக் கப்பல்காரன் ஒருவன் ஐந்து ஜாடிகளைக் காணிக்கையாக வைத்துவிட்டுப் போயிருந்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தோட்டத்தில் விளைந்தது என்று மட்டும் சொன்னான். அரசர் சித்திரசேனருக்கும் சரி, ராணி அரியநாச்சிக்கும் சரி, மதுவைப்பற்றி ஒன்றும் தெரியாது. ஆளுக்கொரு கிண்ணம், நடுவில் ஒரு தட்டு உப்புக்கடலை, ஊற்றிக்கொடுக்கத் தாதி அணஞ்சி.

முதல் ஜாடியில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு ராணி, "நனைந்த கம்பளி," என்றாள்.

"நீ கம்பளியைத் தின்று பார்த்திருக்கிறாயா?"

"தின்றதில்லை. மழையில் நனைந்து வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்தால் தெரியாதா?"

இரண்டாவதைக் குடித்ததும் அவள் முகத்தைச் சுருக்கினாள். "நாவல்பழம் தின்ற நாக்கு. பேச வரமாட்டேன் என்கிறது."

"அப்படியானால் இன்னொரு கிண்ணம் குடி," என்றார் அரசர்.

மூன்றாவதைக் குடித்துவிட்டு வெகுநேரம் யோசித்தாள். "இது நம் மந்திரியாரின் பேச்சு. தொடக்கம் தித்திப்பு. முடிவுதான் வரவே இல்லை."

நான்காவதைக் குடிக்கும் முன்பே கிண்ணத்தை மூக்கருகே நிறுத்தினாள். "கோயில் யானை பக்கத்தில் வந்து நிற்கிறது."

"அது நல்லதா, கெட்டதா?"

"பெரிது. அவ்வளவுதான்."

ஐந்தாம் ஜாடியின் வாயை அடைத்திருந்த அரக்குக்கு அணஞ்சி விளக்கைக் காட்டி இளக்கிக்கொண்டிருந்தாள். ராணி எட்டி, இளகிய அரக்கைக் கட்டைவிரலால் அழுத்தி மறுபடி மூடினாள். "அது நாளைக்கு," என்றாள்.

மறுநாள் விடியும்போது அவளுக்குக் காய்ச்சல். அந்தக் காய்ச்சல் இறங்கவில்லை.

செய்யவேண்டிய சடங்குகளை எல்லாம் அரசர் முறையாகச் செய்தார். சபை மறுபடி கூடிற்று. வழக்குகளுக்குத் தீர்ப்பு வந்தது, ஏரிக்கரை உயர்ந்தது, நேரத்துக்குச் சாப்பாடு நடந்தது. அரசர் தேறிவிட்டார் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். அவர் சிரிப்பதில்லை என்பதைக் கவனித்தவர்கள் சபையில் இருந்தவர்கள்தான். அவர்களிலும், அதனால் தன் உத்தியோகத்துக்கே ஆபத்து என்று அறிந்தவன் ஒருவன்: அரண்மனை விகடகவி கூத்தப்பன்.

"சிரிக்காத அரசருக்கு விகடகவி எதற்கு?" என்று மந்திரி வீரகேசவர் தினமும் யாரிடமாவது கேட்டுக்கொண்டிருந்தார். கூத்தப்பனைக் கண்டால் அவருக்கு ஆகாது. அவர் பேசும்போது சபை தூங்குவதும், அவன் பேசும்போது விழிப்பதும் எல்லோரும் கண்டது.

ஒருநாள் சபைக்கு வரும்போது அரசர் தாமே ஒரு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிம்மாசனத்தின் பக்கத்தில் அதை வைத்துவிட்டுச் சொன்னார்: "நான்கு ஜாடிகளைப்பற்றி ராணி தன் அபிப்பிராயம் சொன்னாள். இது ஐந்தாவது. இதைப்பற்றி அவளுடைய சொல் எனக்கு வேண்டும். அரக்கை உடைக்கக்கூடாது. யாரால் முடியும்?"

ஆஸ்தானப் புலவர்தான் முதலில் எழுந்தார். "கற்பகப் பூவில் ஊறிய தேன் என்றிருப்பார் தேவியார்."

"அவள் கற்பகப் பூவைப் பார்த்ததில்லை. பார்க்காததைப்பற்றிப் பேசவும் மாட்டாள். உட்காருங்கள்."

பித்தத்தைத் தணிக்கும் என்றிருப்பார் என்றார் வைத்தியர். வாளின் முனைபோல இருக்கிறது என்றிருப்பார் என்றார் சேனாபதி. அரசர் இருவரையும் உட்காரச் சொல்லவில்லை. அவர்களாகவே உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போது வீரகேசவர் எழுந்து, ஜாடியின் சிறப்பில் தொடங்கி, திராட்சையின் பிறப்பு, கடல் வாணிகம், தேவியாரின் குணநலன் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "தேவியாரை மிகுதியும் சிரிக்கவைத்தவன் கூத்தப்பன். அவர் மனம் அவனுக்குத்தான் தெரியும். நாளைக் காலை அவன் வந்து, தேவியாரின் வாக்கை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லட்டும். பிறகு அந்த வாக்கின்படியே ஜாடியைத் திறந்து நாம் எல்லோரும் ருசி பார்ப்போம். பொருந்தினால் பரிசு. பொருந்தாவிட்டால் இந்த நாட்டில் அவனுக்கு வேலை இல்லை. எல்லைக்கு அப்பால் போகட்டும்."

திறந்து என்ற சொல் காதில் விழுந்ததும் அரசரின் கை ஜாடியின் வாய்மேல் போய் உட்கார்ந்தது. அவர் அதை அறியவில்லை. கூத்தப்பன் கண்டான். ஆனால் கேள்வியைச் சபையில் வைத்தவர் அரசரே, விடையைச் சோதிக்கக்கூடாது என்று அவரால் சொல்ல முடியாது. "ஆகட்டும்," என்றார்.

கூத்தப்பன் நேராக மடைப்பள்ளிக்குப் போனான். அணஞ்சி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு மேல்மாடத்துல நீதானே ஊத்திக் குடுத்தே?"

"நான்தான். எனக்கும் ஒரு வாய் கெடச்சுதுன்னு யாராச்சும் கோள் சொன்னாவளா?"

"கெடச்சுதா?"

"நாலாவதுல ஒரு மடக்கு. ஆனை வாசம்தான். அம்மா சொன்னது சரி."

"மத்ததுக்கெல்லாம் அவங்க என்ன சொன்னாங்க? ஒண்ணு விடாமச் சொல்லு."

அவள் கீரையை உருவியபடியே சொன்னாள். கடைசியில் மட்டும் கை நின்றது. கூத்தப்பன் எழுந்தான்.

"சபையில வந்து இதையே சொல்லுவியா அக்கா?"

"சொல்லுதேன். ஒருவேளை ஒன்னை எல்லைக்கு அந்தாண்ட வெரட்டிட்டாவன்னா, எங்கிட்ட வாங்கிட்டுப் போன ஊறுகாப் பரணியக் குடுத்துட்டுப் போ."

மறுநாள் காலை மந்திரி எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். வெள்ளித்தட்டில் உளி, சுத்தி. வரிசையாகக் கிண்ணங்கள். புலவர் தம் கிண்ணத்தை இரண்டு தடவை துடைத்துவிட்டார். ஜாடி அரசரின் மடியில் இருந்தது.

கூத்தப்பன் அணஞ்சியை அழைத்து வந்து நிறுத்தினான். "மகாராஜா, மந்திரியார் இட்ட நிபந்தனை தேவியாரின் சொந்த வாக்கு. அதைக் காதால் கேட்டவள் இவள். இவளுடைய ஞாபகம் சரியா என்பதை மகாராஜாவே சொல்லவேண்டும். அக்கா, முதல் ஜாடி?"

"நனைஞ்ச கம்பளின்னு சொன்னாவ."

"ஆம்," என்றார் அரசர்.

"இரண்டாவது?"

"நாவப்பழம் தின்ன நாக்கு. பேச வரமாட்டேங்குன்னாவ. அப்படின்னா இன்னொரு கிண்ணம் குடின்னு மகராசா சொன்னாவ."

எங்கோ பின்வரிசையில் ஒருவர் இருமினார். அரசர் கீழே பார்த்தபடி, "ஆம்," என்றார்.

"மூன்றாவது?"

அணஞ்சி மந்திரியைப் பார்த்தாள். "அதையும் சொல்லணுமா?"

"ஒரு சொல் குறையக்கூடாது என்பது மந்திரியாரின் நிபந்தனை," என்றான் கூத்தப்பன்.

"நம்ம மந்திரியார் பேச்சு மாதிரி இருக்குன்னாவ. தொடக்கம் தித்திப்பு. முடிவுதான் வரவே இல்லன்னாவ."

சபையில் தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. வீரகேசவர் விதானத்துச் சித்திரங்களை அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பவர்போல அண்ணாந்து நின்றார். அரசரின் மீசை ஒரு பக்கமாக அசைந்தது. "ஆம். அப்படித்தான் சொன்னாள்."

"நான்காவது?"

"கோயில் ஆனை. நல்லதா கெட்டதான்னு கேட்டதுக்குப் பெரிசுன்னாவ."

"ஆம்."

"ஐந்தாவது?"

அணஞ்சி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அரக்க நான் இளக்கிட்டேன். அம்மா வெரல வச்சு அமுக்கிட்டு, அது நாளைக்குன்னாவ. வேற ஒண்ணும் சொல்லல."

அரசர் 'ஆம்' என்று சொல்ல வாய் திறந்து, சொல்லாமல் தலையை மட்டும் அசைத்தார்.

கூத்தப்பன் கைகூப்பினான். "ஐந்தாம் ஜாடியைப்பற்றித் தேவியாரின் வாக்கு இதுதான், மகாராஜா. நான் ஒன்றும் கூட்டவில்லை."

"இது ருசியா?" என்று மந்திரி குறுக்கிட்டார். "ருசியைச் சொல்லாமல் இவன் தப்பப் பார்க்கிறான்."

"ருசி கேட்கவில்லை மந்திரியாரே. மகாராஜா கேட்டது தேவியாரின் சொல். அந்தச் சொல்லின்படியே திறக்கவேண்டும் என்றவர் தாங்கள்."

"திறப்போம். நாளைக்கே திறப்போம். அப்போது பார்க்கலாம் உன் சாமர்த்தியத்தை."

"அப்படியே ஆகட்டும்," என்றான் கூத்தப்பன். "தேவியாரின் உத்தரவும் அதுதான்."

அடுத்த நாளும் சபை கூடியது. உளி, சுத்தி, கிண்ணங்கள் எல்லாம் வந்தன. வீரகேசவர் முன்னால் வந்து, என்றும் இல்லாத அதிசயமாக முன்னுரை இல்லாமல் கேட்டார்: "மகாராஜா, இன்று திறக்கலாமா?"

அரசர் கூத்தப்பனைப் பார்த்தார். கூத்தப்பன் ஜாடியைக் காட்டிக் கையை மட்டும் நீட்டினான்.

அரசர் அரக்கில் இருந்த விரல்குழியைப் பார்த்தார். "நாளைக்கு," என்றார்.

சொன்னபிறகு அவருக்கு இருமல் வந்ததுபோல இருந்தது. புரையேறிவிட்டது என்று நினைத்து வைத்தியர் எழுந்துகூட விட்டார். அது இருமல் இல்லை. மடியில் ஜாடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் மீசையில் இறங்க, அரசர் சிரித்தார். அவருக்கு முன்பே சிரிக்கக் காத்திருந்த சபையும் சேர்ந்துகொண்டது. அணஞ்சி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அரசர் கூத்தப்பனுக்குப் போட்டார். "உன் வேலை உன்னுடையது. எல்லையை நீ பார்க்கவேண்டாம்."

"முத்துமாலை போதும், மகாராஜா. ஓர் ஊறுகாய்ப் பரணியும் கிடைத்தால் நல்லது. என்னிடம் இருப்பது இரவல்."

அதற்கும் உத்தரவாயிற்று. அணஞ்சிக்கு ஒரு பசுவும் கன்றும் கிடைத்தன.

மந்திரிக்கும் ஓர் உத்தரவு வந்தது. தினமும் சபை கூடியதும் அவர்தான் உளியோடு முன்னால் வந்து, இன்று திறக்கலாமா என்று கேட்கவேண்டும். வேறு எதுவும் சொல்லக்கூடாது. வீரகேசவர் ஆயுளில் பேசிய பேச்சுகளில் முடிவுள்ள பேச்சு அது ஒன்றுதான் என்று சபையில் சொல்லிக்கொண்டார்கள். சில வருஷம் போனபின் அவர் அதை முகம் சுளிக்காமல் கேட்கவும் பழகிவிட்டார். காய்ச்சலாகப் படுத்திருந்த நாளில்கூடப் பல்லக்கில் வந்து கேட்டுவிட்டுப் போனார். அரசரும் அவருக்குப் பதில் சொல்லத் தவறியதில்லை.

பிறகு அந்த மந்திரி போனார். கூத்தப்பன் போனான். அரசரும் ஒருநாள், காலையில் பதில் சொல்லிவிட்டு, மாலையில் போனார். வேறு அரசர்கள் வந்தார்கள். உளி துருப்பிடித்து, அதைத் தூக்கி எறிந்து, வேறு உளி வைத்தார்கள்.

ஜாடியின் வாயில் அரக்கு இருக்கிறது. அரக்கில் ஒரு கட்டைவிரல் அளவுக்குக் குழி இருக்கிறது.