புள்ளியும் புள்ளியும் பார்த்தபின்

தென்காசிக்கு மேற்கே அரைக்கிணறு என்று ஒரு ஊர். பெயர் வந்த கதை சின்னது. அந்த ஊர்க்காரர்கள் கிணறு வெட்டும்போது பாதியிலேயே தண்ணீர் வந்துவிட்டது. இடம் ஈரமாகிவிட்டதே, இனி எப்படி வெட்டுவது என்று கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்களுடைய வாரிசுகள்தான் நம் ஆட்கள்.

அந்த ஊர் கார் பட்டறையில் வேலை பார்த்த சொரிமுத்துவுக்கு வைகுண்டம் அண்ணாச்சியின் மகள் செண்பகத்தின் மேல் கொள்ளை ஆசை. அண்ணாச்சியிடம் பெண் கேட்டுப் போனான். அவருடைய பழைய கார் என்ஜின் கெட்டு, வேப்பமரத்தடியில் கோழிகள் அடையும் இடமாகக் கிடந்தது. அவர் அதைக் காட்டினார்.

"என்ஜினைப் பிரிச்சு சரிபண்ணி, ஆவணி முடியுததுக்குள்ள காரை என் வாசல்ல கொண்டாந்து நிறுத்து. பொண்ணு ஒனக்குத்தான். இல்லேன்னா என் தங்கச்சி மவன் காத்துக் கெடக்கான்."

பட்டறைக்குச் சொந்தக்காரரான அருளப்பன் மேஸ்திரியோ வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்பிக்கொண்டிருந்தார். தோளில் பையை மாட்டியபடியே சொன்னார்: "எல்லாத்தையும் பளபளன்னு தொடைங்க. மொத பிஸ்டன் அதோட குழாய்க்குள்ள உச்சியில நிக்கணும். பிஸ்டனை ஆட்டுத கிராங்கோட சின்னப் பல்சக்கரத்துல ஒரு புள்ளி இருக்கும், வால்வைத் தெறக்குத கேமோட பெரிய பல்சக்கரத்துல ஒரு புள்ளி இருக்கும். ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கணும். பாத்தப்புறம் அசையவே விடக்கூடாது. அசைஞ்சுதோ, பிஸ்டனும் வால்வும் முட்டிக்கிடும். என்ஜினும் போச்சு, ஒன் கல்யாணமும் போச்சு."

பட்டறையில் கூட வேலை பார்க்கும் உச்சிமாகாளியும் பலவேசமும் இருக்கிறார்களே என்று சொரிமுத்து மனதைத் தேற்றிக்கொண்டான். அவர்கள் இருப்பதுதான் ஆபத்து என்று அவனுக்கு யார் சொல்வது.

முதலில் துடைக்கும் வேலை. அதைப் பலவேசம் பார்த்தான். பல்சக்கரங்கள் கண்ணாடி மாதிரி மின்னின.

"புள்ளி எங்கலே?" என்றான் சொரிமுத்து.

"ஆளுக்கொரு வடு இருந்துது. அசிங்கமா இருக்கேன்னு அரத்தைப் போட்டு ராவிட்டேன்."

சொரிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். செண்பகம் மணவறையில் வேறொருவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல் தெரிந்தது. உச்சிமாகாளி நிதானமானவன். ஒரு பீடியைப் பற்றவைத்து யோசித்தான்.

"ரெண்டு புள்ளியும் பாத்துக்கிடணும், அம்புட்டுதானே? சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் புள்ளியைச் சேக்கதுக்குப் பதிலா, சக்கரம் நிக்கிற எடத்துலயே எதிரெதிரா புள்ளி வச்சிட்டா?"

இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு இவன் ஏன் பட்டறையில் கிடக்கிறான் என்று சொரிமுத்துவுக்குக் கண் கலங்கியது. சிவப்புப் பெயிண்டில் இரண்டு புள்ளி வைத்தார்கள். இரண்டும் அண்ணன் தம்பி போல் பார்த்துக்கொண்டன. இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் செயினையும் மாட்டியாயிற்று.

"மொத பிஸ்டன் உச்சியில நிக்கணுமே" என்று பலவேசம் ஞாபகப்படுத்தினான். நாலு பிஸ்டனும் வரிசையாக, சமமாகத்தான் இருந்தன. என்ஜினைக் கயிறு கட்டித் தூக்கி, செங்குத்தாக நிறுத்திப் பார்த்தார்கள். முதல் பிஸ்டன் மற்ற மூன்றுக்கும் மேலே போய்விட்டது. ஒரு சூடம் ஏற்றிக் கும்பிட்டார்கள். நின்றவாக்கில் காருக்குள் வைத்தால் பானெட் மூடவில்லை என்பதால், மனசில்லாமல் படுக்க வைத்து மாட்டினார்கள். புள்ளியைப் பார்க்க வேண்டுமே என்று சக்கரங்களின் முன்மூடியை மட்டும் மாட்டாமல் விட்டார்கள்.

கிளப்பிப் பார்ப்பதற்கு முன்னால் சொரிமுத்து கிராங்கைக் கையால் லேசாகத் திருப்பினான். புள்ளிகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தன. அவன் அலறி, பழையபடி திருப்பி வைத்தான்.

"என்ஜின் ஓடுனா புள்ளி அசையுது" என்றான்.

"மேஸ்திரி அசையக்கூடாதுன்னாரு" என்றான் பலவேசம்.

"அப்ப என்ஜினை ஓட்டக்கூடாது" என்றான் உச்சிமாகாளி. "அண்ணாச்சி வண்டியைக் கொண்டாந்து நிறுத்துன்னுதானே சொன்னாரு? ஓட்டிட்டு வான்னா சொன்னாரு?"

ஆவணியின் கடைசி நாள், கார் நியூட்ரலில் ஊர்வலம் கிளம்பியது. சொரிமுத்துவும் பலவேசமும் பின்னாலிருந்து தள்ளினார்கள். உச்சிமாகாளி முன்னால் ஏறி, பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "பாக்குது... பாக்குது..." என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வழியில் ஒரு வைக்கோல்போரும் டீக்கடைப் பெஞ்சும் போயின.

வாசலில் வந்து நின்ற காரை அண்ணாச்சி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவரும் அரைக்கிணற்றுக்காரர்தானே.

"பொகை இல்ல, சத்தம் இல்ல. இப்பிடி ஒரு ரிப்பேரை நான் கண்டதே இல்ல மாப்ளே" என்றார். மாப்ளே என்ற சொல்லைக் கேட்டதும் சொரிமுத்து காரைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான்.

அடுத்த மாதம் புரட்டாசி, கல்யாணம் ஆகாது. ஆகவே அன்றைக்கே முகூர்த்தம் வைத்தார்கள். தாலி கட்டி முடிந்தது. மாப்பிள்ளை பெண் நெற்றியில் குங்குமம் வைத்தான். அவன் நெற்றியிலும் ஒன்று இருந்தது. இரண்டும் நேருக்கு நேர் நின்றன. சொரிமுத்துவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எந்திரிங்க, அக்கினியைச் சுத்தி வரணும்" என்றார் ஐயர்.

"முடியாது சாமி. புள்ளியும் புள்ளியும் பாத்தாச்சு. இனி அசையக்கூடாது" என்றான்.

"நானும் அசைய மாட்டேன்" என்றாள் செண்பகம்.

ஐயர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு வேட்டியை மடித்துக்கட்டி, ஓமகுண்டத்தை அப்படியே இரண்டு கையாலும் தூக்கி, "ஆ, ஆ" என்று சூடு பொறுக்காமல் கத்திக்கொண்டே, மாப்பிள்ளையையும் பெண்ணையும் மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். உச்சிமாகாளி கூடவே நடந்து, "பாக்குது... பாக்குது..." என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

மேஸ்திரி வேளாங்கண்ணியிலிருந்து திரும்பி வந்து, இனி அசையலாம் என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் இரண்டு பேருக்கும் மணவறையிலேயே வைத்துச் சோறு ஊட்டுகிறார்கள்.