நாற்காலியில் இருந்த பை

முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்ததுமே இசக்கியம்மாளின் உதவித்தொகை தொங்கலில் நின்றது. திங்கட்கிழமைதோறும் படிப்பு அறிக்கையை ஆபீஸ் சூப்பிரண்டு சிதம்பரநாதனிடம் கொடுக்க வேண்டும், தவறினால் தொகை போச்சு என்று உத்தரவு. ஆனால் எந்தத் திங்களும் அவர் நாற்காலியில் ஆள் இல்லை. ஒரு பழைய தோல்பைதான் அங்கேயே கிடந்தது.

"பை இருக்குல்ல? சார் டீ குடிக்கப் போயிருக்கார்" என்பார் பியூன்.

பன்னிரண்டு வாரமும் அதே டீ!

கடைசியில் கல்லூரி முதல்வர் முன்னால் சிதம்பரநாதன் அடித்துச் சொன்னார்: "இந்தப் பொண்ணு ஒரு வாரம்கூட அறிக்கை தரல சார். தொகையை நிறுத்திடலாம்."

இசக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தந்தேன் சார். சீட்டுல யார் இருந்தாங்களோ, அவங்ககிட்டயே தந்தேன். அந்தப் பையை எடுத்துட்டு வந்து திறக்கச் சொல்லுங்க."

திறந்தார்கள். உள்ளே பன்னிரண்டு அறிக்கைகள். ஒவ்வொன்றிலும், பையில் போடுமுன் அவள் வாங்கியிருந்த ஆபீஸ் தபால் பிரிவு முத்திரை, அந்தந்தத் திங்களின் தேதியோடு.

முதல்வர் பையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் தொகை தொடரும்மா. இனிமே திங்கள்தோறும் பத்து மணிக்கு சூப்பிரண்டு சீட்டுல இருக்காரான்னு எனக்கு நீ அறிக்கை கொடு. பை இருந்தா, அவர் வரலைன்னு எழுது."