எல்லாக் காரும் ஒரே குரலில் கத்துவது ஏன்

அநியாயம் நடந்தது செம்பரிதி என்ற மலைக்காருக்கு. அதை ஒரு வார்த்தை கேட்காமலே அதன் குரலை விற்றுவிட்டார்கள்.

அது கார்கள் வாய்விட்டுப் பேசிய காலம். ஒவ்வொரு பட்டறையில் பிறந்த காருக்கும் ஒவ்வொரு குரல். தாண்டிக்குடி மலைப்பாதையில் பனி இறங்கினால் எதிரே நிற்கிற ஆளே தெரியாது. ஆனாலும் சௌசௌ மூட்டையோடு காத்து நிற்கும் வெள்ளைத்தாய், வளைவுக்கு அந்தப் பக்கம் செம்பரிதி தொண்டையைச் செருமினாலே மூட்டையைத் தூக்கிவிடுவாள். வெண்முத்து என்ற இன்னொரு கார் குழைந்து குழைந்து கூப்பிட்டாலும் ஏற மாட்டாள். ஒருமுறை அது பாதி ஏற்றத்தில் மூச்சுவாங்கி நின்று, அவளைக் கொட்டுகிற மழையில் இறக்கிவிட்டிருந்தது.

"ஏறுங்கக்கா, சீட்டு மெத்தை மாதிரி இருக்கும்."

"மெத்தையில படுத்துத் தூங்குறது நீதான்டா. ஏத்தத்துல பார்த்தேனே!"

செம்பரிதிக்குச் சிரிப்பு தாங்காது. ஏற்றத்தில் நிற்காத மூச்சும், அவள் அடையாளம் காணும் குரலும். வேறென்ன சொத்து இருந்தது அதற்கு?

இப்படி இருக்கையில் கடலோரத்துப் பெரிய கம்பெனி ஒன்று வெண்முத்தின் பட்டறையை வாங்கியது. கையோடு செம்பரிதியின் பட்டறையையும், அதன் குரலோடு சேர்த்து, வாங்கியது. நேற்றுவரை பகையாளி, விடிந்தால் கூடப்பிறந்தவன்! இது எந்த ஊர் நியாயம்?

கம்பெனி அதிகாரி கோதண்டம் இரண்டையும் ஒன்றாக நிறுத்திவைத்துச் சொன்னார்: "இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே எஞ்சின், ஒரே தொண்டை. ஒரே அச்சுல வார்த்தா செலவு மிச்சம்."

"அப்போ என் எஞ்சினையே அவனுக்கும் கொடுங்களேன். நின்னு போறவன் அவன்தானே?" என்றது செம்பரிதி.

"உன்னுதும் இல்ல, அவனுதும் இல்ல. எங்களுது."

"மூச்சும் என்னுது இல்ல, குரலும் என்னுது இல்லன்னா, நான் யாருங்க?"

"நீதான் செம்பரிதி! பேரை மாத்தினோமா? நெத்தியில பளபளன்னு பதிச்சே தர்றோமே."

செம்பரிதி குழம்பிப்போனது. பேர் இருக்கிறதென்றால் தானும் இருக்கத்தானே வேண்டும்? அவர் பேச்சில் எங்கேயோ தப்பு இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. திரும்பி வெண்முத்தைப் பார்த்தது. வெண்முத்தோ, இது என்ன செய்யப்போகிறது என்று இதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அவனே சம்மதிச்சுட்டான். உனக்கு மட்டும் என்ன?" என்றார் கோதண்டம். இரண்டின் காதிலும் தனித்தனியே இதையே சொன்னார்.

யோசித்துக்கொண்டே செம்பரிதி பானெட்டைத் திறந்தது. யோசித்து முடித்துவிட்டுத் திறந்திருக்கலாம். திறந்துவிட்டது.

மறுநாள் மலையில் பனி. வளைவில் வெள்ளைத்தாய் நிற்கிறாள். செம்பரிதி ஆசையாகத் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது.

"பாம்."

தூக்கின மூட்டையை அவள் கீழே வைத்தாள். "யாரது?"

"பாம்" என்றது பின்னால் வந்த வெண்முத்து.

"ஏத்தத்துல நிக்கிறவனா, நிக்காதவனா? வாயைத் திறந்து சொல்லித் தொலைங்கடா!"

"பாம்." "பாம்."

நெற்றியில் பேர் பளபளத்ததுதான். அந்தப் பனியில் அதை யார் படிப்பது? வெள்ளைத்தாய் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தே இறங்கிப் போனாள். செம்பரிதி கூப்பிட்டுக்கொண்டே பின்னால் போனது. வெண்முத்தும் போனது. அவள் ஒரே ஒரு தடவை நின்று, பனியைப் பார்த்துக் கேட்டாள்: "நீ யாருடா?"

அன்று முதல்தான் கார்கள் பேச்சை மறந்தன. வழி காலியாகக் கிடக்கும்போதும், யாரும் குறுக்கே வராதபோதும், எதற்கு இப்படி ஓயாமல் ஹாரன் அடிக்கின்றன என்று நாம் காதைப் பொத்திக்கொள்கிறோம். அவள் கேட்டதற்குத்தான் அவை இன்னமும் பதில் சொல்லிப் பார்க்கின்றன:

"பாம்."